டவுன்டவுன்ல எத்தனை ஷிப்ட் ஓடுது? சில அமெரிக்க நகரம் கலகலன்னும் சிலது காலியாவும் கிடக்கிற கதை

ஹூஸ்டனுக்கு முதல் தடவை போனப்போ சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கினேன், ஆபீஸ்காரங்க டவுன்டவுன்ல, அதாவது ஊரோட நடுப்பகுதில, ஓட்டல் போட்டுக் குடுத்திருந்தாங்க. மறுநாள் காலைல எட்டரை மணிக்கு ஒரு காபி குடிச்சிட்டு அப்படியே ஊரையும் ஒரு சுத்து பாத்துட்டு வரலாம்னு கீழ இறங்கி நடந்தா, நாலு பிளாக் (நாலு பக்கமும் தெரு சூழ்ந்த கட்டம்) தாண்டியும் எதிர்ல ஒரு ஆள் வரல. ரெண்டு பக்கமும் எழுபது மாடி கட்டடம், சிக்னல் யாருக்காகவோ பச்சை சிவப்புன்னு மாறிட்டே இருக்கு, மெயின் ஸ்ட்ரீட்ல லைட் ரயில் ஒண்ணு காலியா மணி அடிச்சிட்டு போகுது. கடை எல்லாம் ஷட்டர் போட்டிருக்கு. ஊரடங்கு ஏதாவது போட்டிருக்காங்களா, நமக்குதான் தெரியலையான்னு ஒரு நிமிஷம் பயமே வந்துருச்சு. அமெரிக்காவோட நாலாவது பெரிய ஊருங்க அது.

திங்கக்கிழமை மத்தியானம் கூட வேலை பாத்த ஒரு அண்ணன், ஊர் சிவகாசிப் பக்கம், அங்கேயே ரொம்ப வருஷமா இருக்கிறவர், "வாங்க தம்பி சாப்பிட போலாம்"னு லிஃப்ட்ல கூட்டிட்டுப் போய் தரைத்தளத்துக்கும் கீழ ஒரு பட்டனை அமுக்கினார். கதவு திறந்தா திருவிழா கூட்டம். வரிசையா சாப்பாட்டுக் கடை, சலூன், ஷூ பாலிஷ், பல் டாக்டர், மருந்துக்கடை, கழுத்துல ஐடி கார்டு தொங்கப்போட்ட ஆயிரக்கணக்கான ஜனம், ஏசி ஜில்லுன்னு அடிக்குது. நேத்து நான் நடந்த அதே தெருவுக்கு இருபதடி கீழ!

அதுதான் ஹூஸ்டன் டன்னல். மொத்தம் 6 மைலுக்கு மேல, 95 பிளாக்க ஒண்ணோட ஒண்ணு கோக்குது. 1930கள்ல ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஒரு சின்ன வழியா ஆரம்பிச்சது, அப்புறம் ஒவ்வொரு கட்டடக்காரனும் தன் பங்குக்கு தோண்டித் தோண்டி இப்படி வளர்ந்து நிக்குது, பெரும்பாலும் பிரைவேட் சொத்து. தெருவுல இருந்து நேரா இறங்க வழி ரொம்ப கம்மி, ஏதாவது ஒரு ஆபீஸ் லாபிக்குள்ள போய்தான் இறங்கணும். சாயங்காலம் ஆறு மணி வாக்குல மூடிடுவாங்க, சனி ஞாயிறு பூட்டு. ஹூஸ்டன் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இது சொர்க்கம்தான், அத மறுக்க முடியாது, ஆனா கீழ எத்தனை கடை வந்துச்சோ மேல அத்தனை கடைக்கு வேலை இல்லாம போச்சு. மினியாபொலிஸ்ல குளிருக்காக இதையே ரெண்டாவது மாடி உயரத்துல பாலமா கட்டினாங்க, 1962ல முதல் பாலம், இப்போ ஒன்பது மைலுக்கு மேல ஓடுது, அங்கேயும் கதை இதேதான்.

அன்னைக்கு என் மண்டைல ஏறின விஷயம், ஒரு டவுன்டவுன் உயிரோட இருக்கா இல்லையான்னு அண்ணாந்து பாத்தா தெரியாது, வானம் தொடுற கட்டடம் எண்ணினா தெரியாது, அங்க எத்தனை ஷிப்ட் ஓடுதுன்னு பாக்கணும். மில்லுல ஷிப்ட் ஓடுற மாதிரிதான். காலைல ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம், சாயங்காலம் வேற கூட்டம், ராத்திரி இன்னொண்ணு, ஒருத்தன் கிளம்புறப்போ இன்னொருத்தன் வந்துடணும். ஒரு டீக்கடையே ஆனாலும் மதியம் ரெண்டு மணிநேர வியாபாரத்த மட்டும் நம்பி வாடகை குடுக்க முடியுமா? பல அமெரிக்க டவுன்டவுன் அப்படித்தான் ஒரே ஷிப்ட்ல ஓடிட்டு இருந்துச்சு, திங்கள் டு வெள்ளி, ஒன்பது டு அஞ்சு, அதுல 2020 மார்ச்ல அந்த ஒரு ஷிப்டும் லேப்டாப்ப தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருச்சு.

டவுன்டவுன்ங்கிற வார்த்தையே நியூயார்க்காரன் குடுத்தது. மன்ஹாட்டன் தீவோட தெக்கு முனைலதான் பழைய ஊர் இருந்துச்சு, ஊர் வடக்கு பாத்து வளர வளர மேல அப்டவுன், கீழ டவுன்டவுன்னு பேசப்போக, மத்த ஊர்க்காரங்களும் அவங்கவங்க ஊர் நடுப்பகுதிக்கு அதே பேர வச்சுக்கிட்டாங்க. நூறு வருஷத்துக்கு முன்ன இந்த இடங்க எல்லாம் சும்மா ஜே ஜேன்னு இருந்துச்சு, பெரிய ஜவுளிக்கடை, தியேட்டர், பேங்க், ரயில் ஸ்டேஷன், எல்லா டிராமும் அங்கதான் வந்து சேரும், வேற எங்கேயும் போக வழியே இல்ல. அப்போ எப்படி காலியாச்சு?

யாரோ ஒருத்தர் செஞ்ச சதி இல்ல, பல விஷயம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்துச்சு. 1926ல சுப்ரீம் கோர்ட் யூக்ளிட் வழக்குல, வீடு இங்க, கடை அங்க, ஃபேக்டரி எங்கேயோன்னு ஊரை துண்டு துண்டா பிரிச்சு வைக்கிற ஜோனிங் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. போருக்கு அப்புறம் அரசாங்க உத்தரவாதத்தோட வீட்டுக் கடன் புறநகர்ல தாராளமா கிடைச்சுது, ஆனா வெள்ளைக்காரங்களுக்கு, கறுப்பின மக்கள் இருந்த ஏரியாவ மேப்ல சிவப்பு அடிச்சு ஒதுக்கிட்டாங்க. அப்புறம் 1956. அந்த ஒரு வருஷத்துல ரெண்டு காரியம் நடந்துச்சு பாருங்க. ஜூன்ல அதிபர் ஐசன்ஹோவர் 41,000 மைல் ஹைவே சட்டத்துல கையெழுத்து போட்டார், செலவுல 90 சதவீதம் மத்திய அரசு தரும்னதும் பல ஊரும் நடு ஊருக்குள்ளயே ஹைவேய வெட்டி விட்டுச்சு. அக்டோபர்ல மினியாபொலிஸ் பக்கத்துல சவுத்டேல்னு முழுக்க கூரை போட்டு ஏசி பண்ணின முதல் மால் திறந்தாங்க. அத டிசைன் பண்ணின விக்டர் க்ரூயன் வியன்னாக்காரர், தன் ஊர் நடுத்தெரு மாதிரி மனுஷங்க காலாற நடக்கிற இடம் அமெரிக்காவுக்கும் வேணும்னு நினைச்சுதான் கட்டினார், கடைசில அதுவே இங்க இருந்த நடுத்தெருவுகளுக்கு எமனா வந்து சேர்ந்துச்சு.

டவுன்டவுன ஒட்டி ஜனம் குடியிருந்த பழைய ஏரியாவ எல்லாம் சேரின்னு சொல்லி இடிச்சாங்க. பாஸ்டன்ல வெஸ்ட் எண்ட், டெட்ராய்ட்ல கறுப்பின மக்களோட பிளாக் பாட்டமும் ஹேஸ்டிங்ஸ் ஸ்ட்ரீட்டும், லாஸ் ஏஞ்சல்ஸ்ல பங்கர் ஹில். இடிச்ச இடத்துல ஹைவே வந்துச்சு, ஆபீஸ் டவர் வந்துச்சு, மீதி இடம் பார்க்கிங். சாயங்காலம் ஏழு மணிக்கு கடைக்கு இறங்கி வர வேண்டிய ஆளுங்க எல்லாம் இங்க குடியிருந்தவங்கதான், அவங்களையே கிளப்பி விட்டாச்சு. அதாவது செகண்ட் ஷிப்ட்ட டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க.

இப்போ இதுல இருந்து தப்பிச்ச ஊர் எதுன்னு கேட்டா நான் கண்ண மூடிட்டு ஃபிலடெல்ஃபியான்னு சொல்வேன். நியூயார்க்க கணக்குல சேக்க வேண்டாம், அது வேற ஜாதி, அத வச்சு மத்த ஊர எடை போடுறது நியாயம் இல்ல. ஃபிலடெல்ஃபியால டவுன்டவுன்னு சொல்ல மாட்டாங்க, சென்டர் சிட்டி. ஊர நிறுவின வில்லியம் பென் 1682ல கட்டம் போட்டு அஞ்சு சதுக்கம் ஒதுக்கி வச்ச ஊர், கார் வர்றதுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே போட்ட தெருங்க, அதனால குறுகல், இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கம் இருக்கிற கடை போர்ட படிக்கலாம். அங்கேயும் சவுத் ஸ்ட்ரீட் மேல ஒரு எக்ஸ்பிரஸ்வே போட திட்டம் தயாரா இருந்துச்சு, மக்கள் வருஷக்கணக்கா மல்லுக்கட்டி 1970கள்ல அத நிறுத்திட்டாங்க. இல்லன்னா இன்னைக்கு அந்தப் பக்கமும் ஒரு பள்ளத்துல கார் ஓடிட்டு இருந்திருக்கும்.

ரிட்டன்ஹவுஸ் ஸ்கொயர்ல வால்நட் ஸ்ட்ரீட்டும் பதினெட்டாவது ஸ்ட்ரீட்டும் சேர்ற முக்குல ஒரு நாள் முழுக்க வேலை வெட்டி இல்லாம உக்காந்திருந்தேன், விசா வேலையா போய் ஒரு நாள் சும்மா மாட்டிக்கிச்சு. காலைல ஆறரைக்கு நாய் பிடிச்சிட்டு வர்ற கூட்டம், பாதி பேர் நைட் டிரஸ்லயே. எட்டரைக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் வேக வேகமா நடக்கிற ஆபீஸ் ஆளுங்க. பத்து மணிக்கு பெஞ்சுல பேப்பரோட பெருசுங்க, ஸ்ட்ரோலர் தள்ளிட்டு வர்ற ஆயாம்மாக்கள், அந்த ஆயாம்மாக்கள் ஒருத்தருக்கொருத்தர் நல்லா பழக்கம்னு பாத்தாலே தெரியுது. பன்னெண்டரைக்கு சாலட் டப்பாவோட மறுபடி ஆபீஸ்காரங்க. மூணு மணிக்கு பக்கத்து கர்டிஸ் இசைப்பள்ளி பசங்க முதுகுல செல்லோ பெட்டிய சுமந்துட்டு, ஆளவிட பெட்டி பெருசு. அஞ்சரைக்கு மேல மளிகைப் பையோட வீட்டுக்குப் போறவங்க, ஏழுக்கு தெருவோர மேஜைல சாப்பாடு, பத்து மணிக்கு மேல சத்தமா சிரிச்சுட்டு போற இளவட்டம். அதே பெஞ்சு, அதே மரம், ஏழெட்டு ஷிப்ட்.

இது தானா நடந்ததுன்னு நினைச்சா தப்பு. 1980கள் கடைசில அந்த ஊரும் குப்பையும் பயமுமாத்தான் கிடந்துச்சு. 1991ல கட்டடக்காரங்களே கூடுதலா ஒரு வரி கட்டி சென்டர் சிட்டி டிஸ்ட்ரிக்ட்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, முதல் வேலை பெருக்கிறது, வேற பெரிய தத்துவம் எல்லாம் இல்ல, விளக்குமாறு எடுத்து பெருக்கி, விளக்கு போட்டாங்க. 1997ல காலியா கிடக்கிற பழைய ஆபீஸையோ கோடவுனையோ வீடா மாத்தினா பத்து வருஷத்துக்கு அந்தக் கூடுதல் மதிப்புக்கு சொத்து வரி கிடையாதுன்னாங்க, 2000ல புதுசா கட்டுறதுக்கும் அத நீட்டிச்சாங்க. பணக்காரனுக்கு சலுகை, ஸ்கூலுக்கு போக வேண்டிய காசு போகுதுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை இருக்கு, அந்தச் சண்டைல நியாயமும் இருக்கு, ஆனா ஆளுங்க வந்து குடியேறினாங்க, சென்டர் சிட்டியையும் ஒட்டின தெருக்களையும் சேத்தா இன்னைக்கு 2 லட்சம் பேர் கிட்ட. அதனாலதான் கொரோனால ஆபீஸ் காலியானப்போ கூட அந்தத் தெரு சாகல, ஒரு ஷிப்ட் லீவு போட்டுச்சு, மத்த ஷிப்ட் ஓடிட்டே இருந்துச்சு. ரீடிங் டெர்மினல் மார்க்கெட் 1893ல இருந்து ரயில் ஷெட்டுக்கு அடியில நடக்கிற சந்தை, மேல ரயில் நின்னே நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, கீழ சந்தை நிக்கல.

இதுக்கு நேர் எதிர் சான் ஃபிரான்சிஸ்கோ. அழகுல, சாப்பாட்டுல, சம்பளத்துல ஃபிலடெல்ஃபியால்லாம் கிட்டவே வர முடியாது. 1989 பூகம்பத்துல உடைஞ்ச எம்பார்கடேரோ ஃபிரீவேய திரும்பக் கட்டாம இடிச்சு தள்ளி கடலோரத்த திறந்து விட்ட புத்திசாலி ஊரு. ஆனா 2011க்கு அப்புறம் டெக் கம்பெனிகளுக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்ல வரிச்சலுகை குடுத்து கூப்பிட்டு, டவுன்டவுன் முழுக்க அவங்களையே நிரப்பிட்டாங்க. அவங்க ஆபீஸுக்குள்ளயே மூணு வேளையும் ஃப்ரீ சாப்பாடு. வாசல்ல சாண்ட்விச் கடை வச்சிருக்கிறவன் என்ன பண்ணுவான்? 2018ல புதுசா வர்ற கம்பெனி கேன்டீனுக்கே தடை போடலாமான்னு நகர சபைல பேச்சு கிளம்பிச்சு, அந்த அளவுக்கு. வீட்ல இருந்து வேலை பாக்க இவ்வளவு தோதான தொழில் வேற எதுவும் கிடையாதுல்ல, அதனால எல்லா ஊரையும் விட அடி இங்கதான் பலமா விழுந்துச்சு. 2023ல மார்க்கெட் ஸ்ட்ரீட் மால்ல நார்ட்ஸ்ட்ரோம்ங்கிற பெரிய ஜவுளிக்கடை மூடிச்சு, மால் நடத்தின வெஸ்ட்ஃபீல்டும் சாவிய குடுத்துட்டு கிளம்பிருச்சு, 2024ல ஆபீஸ் இடத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல காலி.

ஆனா பாருங்க, அந்த ஆபீஸ் டவருங்க நிக்கிற ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட்ல இருந்து பத்து நிமிஷம் நடந்தா சைனாடவுன். போர்ட்ஸ்மவுத் ஸ்கொயர்ல அட்டைப் பெட்டிய கவுத்துப் போட்டு சீட்டாடுற பெருசுங்க, அவங்கள சுத்தி பத்து பேர் நின்னு ஐடியா குடுக்கிறான், பக்கத்துல காய்கறிக் கடைல பாட்டிங்க கீரைய ஒவ்வொரு கட்டா பிரிச்சுப் பாத்து பேரம் பேசுறாங்க. ஒரு கூப்பிடு தூரத்துல ஐம்பது மாடி காலி. அந்த பெருசுங்க பத்துக்குப் பத்து ரூம்ல மேல்மாடிலயே குடியிருக்காங்க, வீடு சின்னதா இருக்கிறதால சதுக்கம்தான் அவங்களுக்கு ஹால். ஊரே செத்துப்போச்சுன்னு டிவில ஓலமிட்டப்போ இந்த சந்துல கேமரா வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

அந்த எரிச்சல் எனக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் விஷயத்துலயும் உண்டு. டவுன்டவுன் எல்ஏ பத்தி எத படிச்சாலும், "1950க்கு அப்புறம் செத்துப்போச்சு, 1999ல திரும்ப உயிர் வந்துச்சு"ன்னு எழுதுவாங்க. 1999ல வந்தது உண்மைதான், பழைய கட்டடத்த வீடா மாத்தறதுக்கு விதிமுறைய தளர்த்தி ஒரு சட்டம் போட்டாங்க, பார்க்கிங் இத்தனை கட்டியே ஆகணும்ங்கிற கட்டாயம் அதுல இல்ல, அதே வருஷம் ஸ்டேப்பிள்ஸ் சென்டர் ஸ்டேடியமும் திறந்தாங்க, இப்போ பேர் மாத்திட்டாங்க. ஸ்பிரிங் ஸ்ட்ரீட் பழைய பேங்க் எல்லாம் அபார்ட்மென்ட் ஆச்சு. ஆனா நடுவுல அம்பது வருஷம் செத்தா கிடந்துச்சு? பிராட்வேல போய் கேளுங்க. வெள்ளைக்கார ஜவுளிக்கடைங்க போன இடத்துல மெக்சிகோக்காரங்களும் மத்திய அமெரிக்கக்காரங்களும் கடை போட்டாங்க, பதினஞ்சாவது பிறந்தநாள் கவுன் கடை, நகைக்கடை, ரேடியோ கடை, பழைய சினிமா அரண்மனைங்கள்ல ஸ்பானிஷ் படம், சனிக்கிழமை நடைபாதைல நடக்க முடியாத கூட்டம். 1917ல ஆரம்பிச்ச கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்ல காஞ்ச மிளகாயும் பீன்ஸும் மூட்டை மூட்டையா வித்துச்சு. அத யாரும் வைப்ரன்டுன்னு எழுதல. செத்துப்போச்சுங்கிற சொல்லுக்கு நம்ம மாதிரி ஆளுங்க அங்க போறதில்லங்கிறதுதான் பல சமயம் அர்த்தம். பதினஞ்சு டாலர் காபி வந்தாதான் உயிர் வந்ததா கணக்கு வைக்கிறாங்க.

சரி, குடியிருக்கிற ஆளு மட்டும் இருந்தா போதுமா? தெருவோட அளவும் ஒரு காரணம், இத யாரும் கண்டுக்கறதில்ல. போர்ட்லாண்ட்ல ஒரு பிளாக் 200 அடிக்கு 200 அடி. சால்ட் லேக் சிட்டில 660க்கு 660, அதாவது சரியா பத்து ஏக்கர், தெருவோட அகலம் மட்டும் 132 அடி. பரப்பளவுல பாத்தா போர்ட்லாண்ட் பிளாக் பத்துக்கு மேல அதுல அடங்கும். போர்ட்லாண்ட்ல ஒரு நிமிஷம் நடந்தா ஒரு முக்கு வரும், அங்க திரும்பலாமா இங்க திரும்பலாமான்னு இருக்கும், முக்குக்கடை நிறைய கிடைக்கும். சால்ட் லேக்ல ஒரு பிளாக் முடியறதுக்குள்ள தண்ணி தாகம் எடுத்துடும். தெருவ கடக்கிறவங்க கைல பிடிச்சிட்டு ஆட்ட சிக்னல் கம்பத்துல ஆரஞ்சு கொடி சொருகி வச்சிருக்காங்க அந்த ஊர்ல, 2000ல இருந்து. கொடி பிடிச்சுதான் ரோட்ட தாண்டணும்னா அந்த ரோடு யாருக்காகப் போட்டதுன்னு சொல்லணுமா. அங்க டவுன்டவுன் நடுவுல 2012ல திறந்த சிட்டி கிரீக் மால், மார்மன் சர்ச்சோட சொத்து, ஞாயிற்றுக்கிழமை கடைங்க லீவு.

இவ்வளவு சொல்லிட்டு இதையும் சொல்லணும், கொரோனாவுக்கு அப்புறம் செல்போன் சிக்னல வச்சு எந்த டவுன்டவுனுக்கு ஆள் திரும்பி வந்தாங்கன்னு டொரன்டோ பல்கலைக்கழக ஆளுங்க கணக்கு எடுத்தப்போ சால்ட் லேக் மேல வந்துச்சு, சான் ஃபிரான்சிஸ்கோ அடில. போர்ட்லாண்டும் தடுமாறிச்சு. சின்ன பிளாக், 1984ல பார்க்கிங் கட்டடம் இருந்த இடத்துல ஜனங்க பேர் பொறிச்ச செங்கல்லால கட்டின பயனியர் கோர்ட்ஹவுஸ் ஸ்கொயர், 1986ல இருந்து லைட் ரயில், எல்லாம் வச்சிருந்த ஊர், 2020ல மாசக்கணக்கா நடந்த போராட்டம், பலகை அடிச்ச கடைங்க, தெருவுல கூடாரம்னு அடிமேல அடி வாங்கிச்சு. நல்ல உடம்பு இருந்தாலும் காய்ச்சல் வரும்ல, அப்படி. அந்தக் கணக்குலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, பழையபடிக்கு எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னுதான் அது சொல்லும், ஏற்கெனவே கூட்டம் கம்மியா இருந்த ஊருக்கு கொஞ்சம் ஆள் வந்தாலே சதவீதம் எகிறும்.

சிகாகோவ பத்தி சுருக்கமா. அங்க டவுன்டவுன் பேரு லூப், தலைக்கு மேல ரயில் 1897ல இருந்து வட்டம் அடிக்குது, அந்த சத்தம் இல்லன்னா அது சிகாகோவே இல்ல. 1979ல ஸ்டேட் ஸ்ட்ரீட்ல கார நிறுத்தி நடைபாதைய அகலப்படுத்தி பஸ் மட்டும் விட்டாங்க, ஜனம் வந்து குமியும்னு. வரல. ஏற்கெனவே இருந்த கொஞ்ச கூட்டம் அந்த அகலத்துல கரைஞ்சு போய் தெரு இன்னும் வெறிச்சோடி தெரிஞ்சுது, 1996ல திரும்ப காருக்கே திறந்துட்டாங்க. ஆனா 2009ல டைம்ஸ் ஸ்கொயர்ல கார நிறுத்தினப்போ அமோகமா ஓடிச்சு, ஏன்னா அங்க நிக்க இடமில்லாத கூட்டம் ஏற்கெனவே இருந்துச்சு. லூப்ப காப்பாத்தினது காலேஜ் பசங்களும் குடியேறினவங்களும்தான், 2000ல அங்க குடியிருந்தவங்க சுமார் 16 ஆயிரம், 2020ல 42 ஆயிரம்.

டெட்ராய்ட் தனி ரகம். 1950ல 18 லட்சம் பேர் இருந்த ஊர், 2020ல ஆறு லட்சத்து சொச்சம். 1977ல ஊர காப்பாத்தறேன்னு ஆத்தங்கரைல ரெனசான்ஸ் சென்டர்னு கண்ணாடிக் கோட்டை கட்டினாங்க, ஊர பாத்த பக்கம் மேடு எழுப்பி, கார்ல உள்ள வந்தவன் கார்லயே வெளிய போற மாதிரி. கோட்டைக்கு உள்ள மறுமலர்ச்சி, வெளிய உட்வர்ட் அவென்யூல 1983ல ஹட்சன்ஸ் ஜவுளிக்கடை மூடல், 1998ல அந்தக் கட்டடத்தையே வெடி வச்சு தகர்த்தாங்க. 2010ல டேன் கில்பர்ட் தன் அடமானக் கடன் கம்பெனிய புறநகர்ல இருந்து டவுன்டவுனுக்கு மாத்தி, நூத்துக்கும் மேல கட்டடம் வாங்கிக் குவிச்சார், ஹட்சன்ஸ் இடத்துல புது டவர் எழுப்பினார், ஃபோர்டு பாழடைஞ்ச ரயில் நிலையத்த வாங்கி 2024ல திறந்துச்சு. கேம்பஸ் மார்ஷியஸ் பார்க்ல வெயில் காலத்துல மணல் கொட்டி பீச் போடுறாங்க, குளிர்ல ஐஸ் ஸ்கேட்டிங். போய்ப் பாத்தா மனசு நிறைஞ்சுதான் போகுது. ஆனா ஒரே ஆள் கைல அவ்வளவு கட்டடம் இருக்கிறத பாத்தா எனக்கு கொஞ்சம் உதறும், ஜமீன் நல்லா இருக்கிற வரைக்கும் ஊர் நல்லா இருக்கும்ங்கிற மாதிரி.

இப்போ எல்லா ஊரும் பாடுற பாட்டு ஒண்ணுதான், காலி ஆபீஸ வீடா மாத்துறது. கேக்க ஈஸி. ஆனா எல்லா கட்டடமும் வீடாகாது. 1920கள்ல கட்டின ஆபீஸுக்கு ஏசி கிடையாது, டியூப்லைட் கிடையாது, அதனால எந்த மேஜையும் ஜன்னல்ல இருந்து முப்பதடிக்குள்ளதான் இருந்தாகணும், கட்டடத்தையே ஒல்லியா, நடுவுல வெளிச்சம் விட முற்றம் வச்சு கட்டினாங்க. அதுல சுவர் எழுப்பினா படுக்கையறைக்கு ஜன்னல் தானா கிடைச்சிடும். ஃபிலடெல்ஃபியாலயும் எல்ஏ ஸ்பிரிங் ஸ்ட்ரீட்லயும் நியூயார்க் வால் ஸ்ட்ரீட் பக்கமும் அந்த மாதிரி கட்டடம் நிறைய, அதுதான் அவங்க அதிர்ஷ்டம். நியூயார்க் 1995லயே அதுக்கு வரிச்சலுகை குடுத்துருச்சு, வால் ஸ்ட்ரீட் ஏரியால 2001க்கு முன்ன இருபதாயிரம் சொச்சம் பேர் குடியிருந்த இடத்துல இப்போ அறுபதாயிரத்துக்கு மேல. 1970, 80கள்ல வந்த கண்ணாடி டவர் வேற, நடுப்பகுதி குண்டா, ஜன்னலுக்கு எட்டாத தூரத்துல, லிஃப்ட் பக்கத்துல மட்டும் தண்ணிக் குழாய். மன்ஹாட்டன்ல 25 வாட்டர் ஸ்ட்ரீட்னு ஒண்ணு, 1969ல கட்டினது, நடுவுல ரெண்டு முற்றத்த மேல இருந்து கீழ வரைக்கும் வெட்டி எடுத்து, வெட்டின இடத்துக்கு ஈடா உச்சில பத்து மாடி ஏத்தி 1,300க்கு மேல வீடு ஆக்கியிருக்காங்க. அந்த வாடகைக்கு அது கட்டுப்படியாகும்.

ஹூஸ்டன்ல இருக்கிறது பெரும்பாலும் அந்த குண்டு டவர்தான், எண்ணெய்க் காசு கொழிச்ச காலத்துல எழும்பினது, 75 மாடி டவர் 1982ல முடிஞ்சுது, அடுத்த நாலு வருஷத்துலயே எண்ணெய் விலை தரைக்கு வந்துருச்சு. அங்கேயும் சும்மா இல்ல, 2008ல பார்க்கிங் இடமா கிடந்தத 12 ஏக்கர் டிஸ்கவரி கிரீன் பார்க்கா மாத்தினாங்க, 2012ல டவுன்டவுன்ல அபார்ட்மென்ட் கட்டினா வீட்டுக்கு 15,000 டாலர் வரைக்கும் தர்றோம்னாங்க. வேடிக்கை என்னன்னா ஹூஸ்டன்ல ஜோனிங் சட்டமே கிடையாது, வீடு இங்க, கடை அங்கன்னு ஊர பிரிச்சு வைக்கல, இருந்தும் ஒரே ஷிப்ட் ஊரா ஆச்சு, ஏன்னா நிலம் மலிவு, ஹைவே அகலம், புறநகர்ல அதே காசுக்கு தோட்டத்தோட வீடு. சமீபத்துல திரும்பப் போனப்போ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பார்க்க சுத்தி பசங்க தண்ணில ஆடிட்டு இருந்தாங்க, நாய் பிடிச்ச ஆளுங்க நாலஞ்சு பேர், ஐஸ்கிரீம் வண்டிக்கு வரிசை கூட இருந்துச்சு. மேற்க ஆறு பிளாக் தள்ளி டவர் பக்கம் போனா பழையபடி நானும் சிக்னலும்தான்.

அந்த சிவகாசி அண்ணனுக்கு போன் போட்டு, டவுன்டவுன் கொஞ்சம் மாறியிருக்கே அண்ணே, கவனிச்சீங்களான்னு கேட்டேன். அவருக்கு கேட்டிங்கிற புறநகர் பக்கம் நாலு பெட்ரூம் வீடு, சனிக்கிழமை பசங்களுக்கு தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை பேர்லாண்ட் மீனாட்சி கோயில், கோயில் கேன்டீன்ல இட்லி. இருபது வருஷமா வாரத்துல அஞ்சு நாள் அந்த டன்னல்ல சாப்பிட்டவர்.

"ஞாயித்துக்கிழமை டவுன்டவுன் எப்படி இருக்கும்னு எனக்கு எப்படி தம்பி தெரியும், நான் பாத்ததே இல்லையே"ன்னார்.